ஆறேகால் மணித் திருத்தம்

எங்கள் பண்பலை வானொலி ஒரு மா அரைக்கும் மில்லுக்கு மேலே இருந்தது. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன! கோப்பாயில், பெரிய தெருவிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே, கீழே மில், மேலே வானொலி. இரண்டுக்கும் ஒரே முதலாளி, ஒரே மின்சார மீற்றர். மில் ஓடினால் மாடி நடுங்கும். மாடி நடுங்கினால் வாசிக்கிறவரின் குரலும் நடுங்கும். அதனால் செய்தி வாசிக்கும் பத்து நிமிடமும் மில்லை நிறுத்திவிடுவார்கள். அரிசி வாளியோடு வந்த பெண்கள் வாசலில் குந்தியிருந்து, "செய்தி இன்னும் முடியேல்லையோ? நான் போய்ப் புட்டு அவிக்கோணும்!" என்று மேலே பார்த்துக் கத்துவார்கள். அந்தக் கத்தலும் செய்தியோடு சேர்ந்து ஒலிபரப்பாகும்.

மிளகாய் அரைக்கிற நாள் இன்னும் விசேஷம். வறுத்த மிளகாயின் நெடி படியேறி வந்து எங்கள் மூக்குக்குள் புகுந்துவிடும். நேரத்தைச் சொல்லும்போது தும்மல், பாட்டை அறிமுகப்படுத்தும்போது தும்மல். ஒருநாள் வானிலை அறிக்கையில் நான் பதினொரு தரம் தும்மினேன். நேயர்கள் கோபிக்கவில்லை. "இண்டைக்குத் தூள் அரைக்கினம்" என்று தெரிந்துகொண்டு அவரவர் மிளகாயை வறுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் தும்மலைவிட நல்ல விளம்பரம் அந்த மில்லுக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

ஒலிபரப்புத் தெற்கே நல்லூர் வரை போகும். வடக்கே அச்சுவேலி வரை போகும் என்று முதலாளி சொல்லுவார். அச்சுவேலியில் என் சிநேகிதி வீட்டில் குசினிக்குள் கேட்கும், விறாந்தையில் கேட்காது. அவளுடைய தகப்பனார் எங்கள் செய்தி கேட்பதற்காகவே குசினிக்குள் கதிரை போட்டு இருக்கப் பழகினார். தாய்க்கு அது பெரிய ஆக்கினையாகப் போய்விட்டது.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, எல்லோருக்கும் ஏதாவது புதிதாகத் தொடங்கவேண்டும் என்று கை துறுதுறுத்த காலம் அது. சிலர் பேக்கரி தொடங்கினார்கள், சிலர் ரியூசன் கொட்டில் போட்டார்கள். எங்கள் முதலாளி வானொலி தொடங்கினார். எப்போதும் இமையெல்லாம் மா படிந்து வெள்ளையாக இருக்கும் மனிதர். கீழே மில் பட்டியை மாட்டிவிட்டு, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, மேலே ஓடிவந்து ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ்களைத் திருகுவார். குமிழ்களிலும் மா. அவற்றைப் பெயின்ற் தூரிகையால் தட்டித் துப்பரவாக்குவதுதான் எனக்கு அங்கே கிடைத்த முதல் வேலை.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. குரல் தேர்வுக்கு ஏழு பேர் போனோம். முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்து, மில் ஓட ஓட ஆளுக்கொரு பந்தி வாசிக்கச் சொன்னார். மில்லை மீறிக் கேட்டது என் குரல் ஒன்றுதான். வீட்டில் "சத்தக்காரி, சத்தக்காரி" என்று திட்டு வாங்கிய தொண்டைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மரியாதை! வீடு வரைக்கும் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தேன். அந்தப் புளுகத்தை, அந்தச் சந்தோசத்தை, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் அப்பா இருந்தாரே. அவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முறைப்பாட்டுப் பிரிவில் எழுதுவினைஞர். றோட்டில் தண்ணி நிற்கிறது, பக்கத்து வீட்டு ஆடு பயிரைத் தின்றது, கடைக்காரன் ஏசினான், எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். வேலைக்குப் போக விடுவதற்கு அவர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"நாள் முழுக்க ஊராற்றை முறைப்பாட்டை வாசிக்கிறன். என்ரை வீட்டுப் படலைக்கு ஒரு முறைப்பாடு வரக்கூடாது. ஒண்டு வந்தால் போதும், அடுத்தநாள் நீ றேடியோவுக்குப் போகமாட்டாய்."

"ஒண்டே ஒண்டுக்கோ அப்பா?"

"ஒண்டு வந்தால் பின்னாலை ஒன்பது வரும். எனக்குத் தெரியாதோ?"

இதைச் சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்தாரா? இல்லை. ஒவ்வொரு காலையும் றேடியோவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் எங்கே வழுக்குவேன் என்று காது கொடுத்துக் கேட்டார். எனக்கோ அந்த மைக்கை விட்டால் உயிரே இல்லை என்ற நிலை. மைக் திறந்திருக்கும்போது மின்விசிறி போடக்கூடாது, சுவரெல்லாம் ஒட்டிய முட்டை மட்டை வேறு வெக்கையைப் பிடித்து வைத்திருக்கும், சட்டை முதுகோடு ஒட்டும். ஆனாலும் அந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்ப வந்தால் கடித்திருப்பேன்.

எங்கள் வானொலியின் மிகப் பெரிய புகழ் பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. காலை ஆறேகாலுக்கு வரும் திருத்தம். மில்லில் ஒருவரின் மா இன்னொருவரின் தகரப் பேணிக்குள் மாறிப்போய்விட்டால், முதலாளி அடுத்தநாள் தானே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்பார். வானொலி தொடங்கியபோதும் அதே சட்டம். "மா மாறினால் திருப்பிக் குடுக்கிறன். சொல் மாறினாலும் திருப்பிக் குடுக்கத்தான் வேணும்" என்பார். பிழை விட்டவர் தன் வாயாலேயே திருத்தம் வாசிக்கவேண்டும். 'நேற்று மழை பெய்யாது என்று கூறியிருந்தோம். பெய்தது. வருந்துகிறோம்.' 'நேற்றுப் பிறந்தநாள் கண்ட செல்வனைச் செல்வி என்று கூறிவிட்டோம். வருந்துகிறோம்.' சனம் செய்தியை விட்டாலும் திருத்தத்தை விடாது. அதற்காகவே கிணற்றடியில் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பவர்கள் இருந்தார்கள்.

என் பகுதி ஆறரை மணிப் பிறந்தநாள் வாழ்த்து. மில் மேசையில் ஒரு பிஸ்கட் பேணி இருக்கும். வாழ்த்து அட்டையை அதற்குள் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த அட்டைகளில் ஒரு உறவு விடுபடக்கூடாது, ஒரு நாடு விடுபடக்கூடாது. அப்பா, அம்மா, அக்கா, அண்ணா, அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா, அன்புப் பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, மாமா, மாமி, மச்சான், மச்சாள், கனடாச் சித்தப்பா, லண்டன் மாமி, பாரிஸ் பெரியம்மா. ஒரு குடும்பம் நாயையும் சேர்த்திருந்தது. நாள்தோறும் பத்து அட்டை வாசித்தால் என்ன ஆகும்? இரண்டு மாதத்தில் என் கண் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டது. வாய் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. அங்கேதான் கோதாரி பிடித்தது.

ஒரு சனிக்கிழமை. ஆறாவது பிறந்தநாள் காணும் ஒரு பெண்பிள்ளைக்கு வாழ்த்து. அட்டையில் இருந்தது அப்பா, அம்மா, தம்பி, அம்மம்மா, மாமா, மாமி, சுவிஸ் சித்தி. நான் துள்ளித் துள்ளி வாசித்துக்கொண்டு போனேன். "…அம்மா, தம்பி, அம்மம்மா, அன்புப் பெரியப்பா…"

அம்மம்மாவுக்குப் பிறகு பெரியப்பா வருவதுதானே வழக்கம். வந்துவிட்டார். சொன்ன அதே கணத்தில் கண் அட்டையில் விழுந்தது. பெரியப்பாவைக் காணோம். அடுத்ததாக நாக்கில் ஏறி நின்ற பெரியம்மாவைக் கடித்து விழுங்கிவிட்டு மாமாவுக்குத் தாவினேன். நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளியின் வெள்ளை இமை இரண்டும் மேலே போயிருந்தன.

பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். "பெரியப்பாவை எங்கையிருந்து பிடிச்சனீர்?"

"வாய்ப்பழக்கத்திலை வந்திட்டுது ஐயா."

"அந்தப் பிள்ளைக்குப் பெரியப்பா பக்கத்து வளவிலைதான் இருக்கிறார். ஏழு வருசமாய்த் தமையனும் தம்பியும் முகம் பாக்கிறேல்லை. உமக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. வேலி அடைக்கும்போது ஒரு கதியாலை, வேலிக்கு ஊன்றும் பச்சைத் தடியை, ஒரு சாண் உள்ளே தள்ளி நட்டதில் வந்த சண்டையாம். ஒரு சாண்! அந்த ஒரு சாண் மண்ணில் ஒரு வெங்காயக் குமிழை நட்டாலும் வளராது. அதற்கு ஏழு வருடம். தமையன் மில்லுக்குச் செவ்வாயில் வருவார், தம்பி வியாழனில் வருவார், இருவரும் வாசலில் சந்தித்துவிடாமல் நாளைப் பிரித்துக் கொடுத்ததே முதலாளிதான். பிள்ளையோ சண்டைக்குப் பிறகு பிறந்தது. பெரியப்பா என்று கூப்பிட்டதே இல்லை.

"நாளைக்கு ஆறேகாலுக்குத் திருத்தம். உம்மடை வாயாலை. எழுதும்" என்றார்.

எழுதினேன். 'நேற்றைய பிறந்தநாள் வாழ்த்தில் பெரியப்பா என்று தவறுதலாகக் கூறப்பட்டுவிட்டது. வாழ்த்தியவர்களில் பெரியப்பா இல்லை. வருந்துகிறோம்.' வாசித்துப் பார்த்தேன். எவ்வளவு மோசமான வசனம்! ஊர் முழுக்கக் கேட்க ஒரு மனிதரைப் பெயர்த்து வெளியே போடுவதுபோல இருந்தது. ஆனால் மழையைத் திருத்தலாம், பெரியப்பாவைத் திருத்தக்கூடாது என்று முதலாளியிடம் யார் சொல்லுவது? அதைவிட எனக்கு என் பயம். தம்பிக்காரன் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒரு சொல் சொன்னால் என் வானொலி வாழ்க்கை அதோடு சரி.

பத்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை என்றபடியால் அப்பாவும் வீட்டில்தான். பதினொரு மணிக்குப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைச் சேர்ட், நெற்றியில் திருநீறு, கரியரில் ஒரு பார்சல்.

"இதுதானே றேடியோவிலை வாழ்த்துச் சொல்லுற பிள்ளையின்ரை வீடு?"

அப்பா எழுந்து, "ஓம், இருங்கோ. என்ன விசயம்?" என்று கந்தோர்க் குரலில் கேட்டார். வந்தவர் இருக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நான்தான் அந்தப் பெரியப்பா. ஒண்டு கேக்கோணும். தம்பி குடுத்த அட்டையிலை உண்மையாய் என்னை எழுதியிருந்தவனோ?"

கரியரில் இருந்த பார்சலை அவர் ஒரு கையால் பிடித்தபடியே நின்றார். கடையில் அப்போதுதான் கட்டிக் கொடுத்த புதுப் பார்சல். ஓரத்தில் ரோஸ் நிறச் சட்டையின் தும்பு வெளியே தெரிந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் நான் தப்பிவிடுவேன். ஆனால் இந்த மனிதர் அதை நம்பித் தம்பியின் படலைக்குப் போய், 'உன்னை ஆர் கூப்பிட்டது?' என்று கேட்டுக்கொண்டு திரும்பவேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் அப்பா நிற்கிறார். நின்றால் நிற்கட்டும்.

"இல்லை ஐயா. அட்டையிலை இல்லை. நான்தான் பழக்கதோசத்திலை சொல்லிப்போட்டன். பெரிய பிழை. நாளைக்குத் திருத்தம் வாசிக்கிறன்."

அப்பா என் பக்கம் திரும்பியதை நான் பார்க்கவில்லை, உணர்ந்தேன். வந்தவர் வெளியே தெரிந்த தும்பை விரலால் பார்சலுக்குள் தள்ளினார்.

"தெரியும் பிள்ளை. அவன்ரை கை என்ரை பேரை எழுதாது. எண்டாலும் ஒருக்கால் கேட்டுப் பாப்பம் எண்டு வந்தனான்" என்றார். பிறகு, "திருத்தம் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"காலமை ஆறேகாலுக்கு ஐயா."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். முகத்தில் ஒரு களவுச் சிரிப்பு வந்தது, கொய்யா பிடுங்கப் போகிற பொடியனுக்கு வருகிற சிரிப்பு.

"அப்ப நாளைக்கு ஆறேகால் வரைக்கும் நான் பெரியப்பாதானே? ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வாழ்த்தினவன் வெறுங்கையோடை வீட்டிலை இருக்கலாமோ? நான் வாறன்."

சைக்கிளில் ஏறிப் போயே விட்டார்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்பா படலையைச் சாத்திவிட்டு வந்து, "அவர் முறைப்பாடு தரேல்லை. அதாலை இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் அட்டை குடுத்தவர் தம்பி. அவர் வந்தாரெண்டால் கதை வேறை" என்றார். அன்றைக்கு மத்தியானம் அம்மா வைத்த றால் குழம்பு என் தொண்டைக்குள் இறங்கவில்லை என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு மில்லடிக்குப் போனேன். படிக்கட்டுக்குக் கீழே, கையில் ஒரு மடித்த கடதாசியோடு, தம்பிக்காரன் நின்றான். நான் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. தமையனின் அதே மூக்கு. முதலாளி மில் கதவைத் திறந்தபடி கேட்டார்.

"என்ன, முறைப்பாடோ?"

"ஓம். முறைப்பாடுதான். எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்."

முடிந்தது. இன்றைக்கு வாசிக்கும் திருத்தம்தான் நான் மைக்கில் பேசும் கடைசிப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். "அண்ணை, என்ரை பிழைதான். அட்டையிலை பெரியப்பா இல்லை. இப்ப திருத்தம் வாசிக்கப் போறன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மில்லை மீறிக் கேட்ட தொண்டை!

"பெரியப்பாவை விடும் தங்கச்சி. ஏன் பெரியம்மாவைச் சொல்லேல்லை?"

முதலாளியும் நானும் ஆளையாள் பார்த்தோம்.

"நேற்றுப் பின்னேரம் அண்ணை எங்கடை படலையிலை வந்து நிண்டார். நான் என்ன சொல்லுறது எண்டு யோசிக்க முதல் பிள்ளை ஓடிப்போய், 'றேடியோவிலை சொன்ன பெரியப்பாவோ?' எண்டு அவற்றை கையைப் பிடிச்சு உள்ளுக்கை இழுத்துக்கொண்டு வந்திட்டாள். அதுக்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்ல? கேக் வெட்டி, சாப்பிட்டு, எல்லாம் வடிவாய் முடிஞ்சுது. ஆனால் அண்ணி வரேல்லை. 'உங்களைத்தானே றேடியோவிலை சொன்னவை, நீங்களே போங்கோ' எண்டிட்டாவாம். கேக் குடுத்துவிட்டம், பெட்டியோடை திரும்பி வந்திட்டுது."

அவன் கடதாசியை விரித்தான், மறுபடி மடித்து என் கையில் தந்தான். பிறகு எங்களைப் பார்க்காமல் மில் வாசலைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்கு எட்டு வயசிலை அண்ணி அந்த வீட்டுக்கு வந்தவ. எனக்குத் தலை வாரி இழுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது அவதான். ஊர் கேக்க அவவை விட்டிட்டுச் சொன்னது சரியோ, சொல்லுங்கோ?"

எழுதி வைத்திருந்த திருத்தத்தைக் கிழித்தேன். முதலாளி அந்தத் துண்டுகளை என் கையிலிருந்து வாங்கித் தன் சாரத்து மடிப்புக்குள் செருகிவிட்டு, "ஏறும், ஏறும், நேரம் போகுது" என்று கத்தினார். ஞாயிற்றுக்கிழமை மில் இல்லை, மிளகாய் இல்லை. ஆனாலும் அவர் குமிழ்களுக்கு முன்னால் இருந்து மூக்கைச் சிந்திக்கொண்டுதான் இருந்தார்.

ஆறேகாலுக்கு மைக் திறந்தது.

"ஒரு திருத்தம். நேற்றைய பிறந்தநாள் வாழ்த்தில், அன்புப் பெரியம்மா என்பது எங்கள் தவறால் விடுபட்டுவிட்டது. வாழ்த்தைப் பெரியப்பா, பெரியம்மா என்று சேர்த்தே கேட்டுக்கொள்ளவும். மிகவும் வருந்துகிறோம்."

வருந்துகிறோம் என்ற சொல்லை ஒருவரும் அவ்வளவு சந்தோசமாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். சிரித்தே விட்டேன். அதுவும் ஒலிபரப்பானது. ஏழு மணிக்கெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து பால் கொண்டுபோன ஒரு அக்கா சைக்கிளை மில்லடியில் நிறுத்தி, மேலே பார்த்துக் கத்தினார்: "பெரியம்மா தம்பி வீட்டுக்குப் போயிட்டா! படலையாலை சுத்திப் போகேல்லை, வேலியிலை கிடுகைப் பிரிச்சு, ஆள் நுழையப் பொட்டு வைச்சுக்கொண்டு போயிட்டா! அந்தக் கதியால் இப்ப நடு வளவிலை கிடக்கு!"

நாங்கள் பிறந்தநாள் வாழ்த்தை நிறுத்திவிட்டு, துள்ளலாக ஒரு பாட்டைப் போட்டு, மாடி நடுங்க ஆடினோம். முதலாளியும் ஆடினார். மா பறந்தது.

அந்தக் குதூகலம் எங்கள் வீட்டுப் படலை வரைக்கும்தான். உள்ளே அப்பா றேடியோவுக்கு முன்னால் அதே கதிரையில் இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தம்பி வந்தவரோ?"

"ஓம் அப்பா."

"முறைப்பாடோ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "ஓம். முறைப்பாடு எண்டுதான் சொன்னவர்."

"எழுத்திலையோ, வாயாலையோ?"

"எழுத்திலை."

"கொண்டா."

கைப்பையிலிருந்து கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். அதில் இருந்தது ஒரே வரி: 'பெரியம்மாவையும் சேர்த்து வாசிக்கவும்.' அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கந்தோரில் பார்ப்பதுபோல முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், திரும்பவும் முன்பக்கம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, மூலையில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டார்.

"அவருக்கு வித்தியாசம் தெரியாது. இது முறைப்பாடு இல்லை, விண்ணப்பம். அதுக்கு வேறை கோப்பு" என்றார். கடதாசியை என் கையில் தந்துவிட்டு, றேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "போய்ச் சாப்பிடு. இரவைக்கு நேரத்தோடை படு. நாளைக்கு வெள்ளன எழும்போணுமெல்லோ."